மெலட்டூர் பாகவத மேளா: பல வைகாசிகள் பார்த்த பிறகு

மெலட்டூர் பாகவத மேளா விடிய விடிய நடக்கும் நாடகம். முடிவு குழந்தைக்கும் தெரிந்த கதை. பாட்டும் வசனமும் பெரும்பாலும் தெலுங்கு. இதைப் பார்க்க ஆண்டுதோறும் எதற்குப் போகிறீர்கள் என்று தஞ்சாவூரில் என்னைக் கேட்காத உறவினர் இல்லை. சிறுவயதில் தாத்தாவுடன் போய்ப் பாதியில் உறங்கியதையும் சேர்த்தால், நரசிம்ம ஜயந்தியை ஒட்டிய அந்த இரவுகளோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் உள்ள மெலட்டூரில், தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று ஆடப்படும் நாடகங்களை எழுதியவர் தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவரான வேங்கடராம சாஸ்திரி. பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, ருக்மாங்கதா, மார்க்கண்டேயா எல்லாம் அவருடையவை. நடிப்போர் அனைவரும் ஆண்கள். பலர் வெளியூர்களில் வேலை பார்த்துக்கொண்டு, திருவிழாவுக்கு விடுப்பெடுத்து வருகிறவர்கள்.

நீண்ட காலம் ஓடிய நாடகங்கள் வேறு இடங்களிலும் உண்டு. நியூயார்க்கில் 'தி ஃபாண்டாஸ்டிக்ஸ்' என்ற சிறிய இசை நாடகம், ஏறத்தாழ நூற்றைம்பது பேர் அமரும் அரங்கில், பியானோவையும் யாழையும் மட்டும் வைத்துக்கொண்டு 1960 முதல் 2002 வரை 17,162 காட்சிகள் ஓடியது. செலவு குறைவாக இருந்ததும் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம். ஆனால் அதுவும் ஒவ்வொரு மாலையும் சீட்டு விற்றாக வேண்டியிருந்தது. மெலட்டூரில் நுழைவுச்சீட்டே கிடையாது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே, தெருவில் போட்ட மேடையில், சுவாமிக்காக ஆடப்படும் நாடகத்தை நாம் உடனிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்கள் எதையும் செய்வதில்லை என்பதே, என் கணிப்பில், இது இத்தனை காலம் நம்மைப் பிடித்து வைத்திருப்பதன் காரணம்.

நாடகம் ஒன்றும் அவசரப்படாது. முதலில் கோமாளியான கோணங்கி துள்ளிக் குதித்து வந்து கூட்டத்தை அடக்குவார். தொடக்க வாழ்த்தான தோடய மங்களம் பாடி முடிந்ததும், யானைமுக முகமூடி அணிந்த சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடிவிட்டுப் போவான். பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிரவேச தரு, அதாவது மேடைக்கு வரும்போது பாடும் அறிமுகப் பாட்டு. இருவர் திரையைப் பிடித்திருக்க, உள்ளே வருவது யார், எப்படிப்பட்டவர், எந்த நடையில் வருகிறார் என்பதையெல்லாம் பாட்டு சொல்லி முடித்த பின்னரே முகம் தெரியும். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது இழுவையாகத் தோன்றலாம். கதை தெரிந்துவிட்டதால் அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாதவருக்கோ, இரணியன் அடிவைக்கும் விதத்தில் போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடுகூடக் கண்ணில் படும்.

பிரகலாதனின் தாய் லீலாவதியைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்திருப்பேன். கணவனையும் எதிர்க்க முடியாமல், பிள்ளையையும் விட்டுக்கொடுக்க முடியாமல் அவள் புலம்பும் இடத்தில், சேலை கட்டியிருப்பவர் ஓர் ஆண் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, தெலுங்கில் ஒரு சொல் தெரியாதவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெத்தவ வேற என்னதாண்டி செய்வா" என்று பேத்தியிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

விடியலை நெருங்கும் வேளையில் நரசிம்மர் தோன்றுகிறார். அந்த முகமூடி பூசையில் வைக்கப்படுவது. அதை அணிபவர் விரதமிருப்பவர். ஆவேசம் மிகும்போது அவரைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளவும், இரணியனாக நடிப்பவரைச் சற்றுத் தள்ளியே நிறுத்தவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே நாடகம் முடிந்து வழிபாடு தொடங்கிவிடுவதால், நடிப்பு நன்றாக இருந்ததா என்று கேட்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி சில ஆண்டுகளில் பாட்டைக் கெடுத்திருக்கிறது. மத்தளமே மேலோங்கி, பாடுபவரின் பாட்டு வரிகள் காதில் விழாமல் போன இரவுகள் இருந்தன. அறிவித்த நேரத்துக்குத் தொடங்கும் என்று நம்பிப் போகக்கூடாது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பவர்களுக்குப் பின்னால் உட்கார நேர்ந்தால் அன்றைய இரவு வீண். கொசுவைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைச் சுருக்கி நகர மேடைகளில் நடத்திக் காட்டும்போது முதலில் வெட்டுப்படுவது பிரவேச தருக்கள்தான். அதனால் அந்தச் சுருக்கிய காட்சிகளைப் பார்த்துவிட்டு இந்தக் கலையை எடைபோடுவது சரியாகாது.

முதல்முறை வருகிறவர்கள் பிரகலாத சரித்திரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. எனக்கு ஹரிச்சந்திராவே ஒரு படி மேல். எதைப் பார்த்தாலும் கதைச் சுருக்கத்தைத் தமிழில் படித்துவிட்டு, பகலில் நன்றாக உறங்கி எழுந்து, ஒரு ஜமுக்காளத்துடன் வந்து, பாடுகிறவர்கள் இருக்கும் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்திலேயே உள்ள சாலியமங்கலத்திலும் இதே பாகவத மேளா மரபு உண்டு. இரண்டு ஊர்களிலும் பார்த்தால்தான் எந்த ஊரின் இரணியன் உங்களுக்குப் பிடித்தவன் என்ற வழக்கை எங்களோடு சேர்ந்து பேச முடியும்.