மினரலா, ஜெல்லா, நிறம் கலந்ததா: நம் தோலுக்கு எந்த சன்ஸ்கிரீன்?

மெடிக்கல் ஷாப்பில் சன்ஸ்கிரீன் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எஸ்.பி.எஃப். 30ஆ, 50ஆ?" இருப்பதிலேயே சின்ன வித்தியாசம் அதுதான். ஆய்வகக் கணக்கில் 30 என்றால் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவி-பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. டியூபுக்குள் வெயில் கதிரைத் தடுக்கும் பொருள், அதாவது வடிகட்டி, என்ன வகை? நிறமி கலந்திருக்கிறதா? அதைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூச மனசு வருமா?

நம் ஊர்த் தோலுக்கு வெயில் செய்யும் கெடுதலும் வேறு மாதிரி. வெள்ளைத் தோல் சிவந்து உரியும். எஸ்.பி.எஃப். என்ற அளவே அந்தச் சிவப்பை வைத்துக் கணக்கிடப்பட்டதுதான். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்புக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதே மெலனின்தான் கன்னத்தில் மங்காகப் படர்கிறது, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்கிறது. இதில் யுவி-ஏ கதிருக்கும் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. யுவி-ஏ பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். டியூபில் பி.ஏ. என்று போட்டு, பக்கத்தில் பிளஸ் குறிகள் இருக்குமே, அதுதான் யுவி-ஏ காப்பின் அளவு. ஜப்பானில் தொடங்கிய முறை. நான்கு பிளஸ்தான் உச்சம். எஸ்.பி.எஃப். 50, இரண்டு பிளஸ் என்று ஒன்றும், எஸ்.பி.எஃப். 30, நான்கு பிளஸ் என்று ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இனி வகைகளுக்கு வருவோம்.

மினரல் வகையில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு என்று இரண்டே பேர். வெயிலில் இவை சிதையாது, வியர்வையோடு வழிந்தாலும் கண் எரியாது, எதைப் பூசினாலும் அரிக்கிறது என்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் ஜிங்க் தாராளமாக உள்ள ஒரு கிரீமை மாநிற முகத்தில் பூசிப் பாருங்கள். கன்னம் முழுக்க விபூதியைக் குழைத்துத் தடவிய மாதிரி இருக்கும். புருவ ஓரத்திலும் முடி தொடங்கும் இடத்திலும் கோடு கோடாகத் தங்கும். ரிசப்ஷன் மேடையில் பிளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெளுத்து, கழுத்தும் கையும் தனி ஆளுடையது போல படத்தில் விழும். துகளை நுண்ணியதாக அரைத்த புது மினரல் கிரீம்களில் இது குறைந்திருக்கிறது, தீரவில்லை. வெளுக்கிறதே என்று ஆட்கள் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது டியூபில் போட்டிருக்கும் எண்ணுக்கே அர்த்தமில்லை.

ஒரு இடைச்செருகல்: பல வீடுகளில் இருக்கும் கேலமைன் லோஷனிலும் ஜிங்க் இருக்கிறது, அந்த ரோஸ் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அதற்காக அது சன்ஸ்கிரீன் ஆகிவிடாது. எஸ்.பி.எஃப். சோதித்து எண் போடாத எதையும் வெயிலுக்கு நம்ப வேண்டாம்.

கெமிக்கல் வகைதான் ஜெல்லாக, தண்ணீராக, வெளுக்காமல் கிடைப்பது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் எண்ணெய் வழியும் முகத்துக்கும் இதுவே சுலபம். ஆனால் இதற்குள்ளேயே பழசு, புதுசு என்று இரண்டு தலைமுறை இருக்கிறது. பழசில் முக்கியமானது அவோபென்சோன். யுவி-ஏவை நன்றாகத் தடுக்கும், ஆனால் தனியே விட்டால் வெயிலில் தானே சிதையும். ஆக்டினாக்சேட் என்ற இன்னொரு பழைய வடிகட்டியோடு சேர்த்தால் இன்னும் மோசம். ஆக்டோகிரிலீன் சேர்த்தால் தாங்கும். புதிய தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. டியூபைத் திருப்பிப் பார்த்து, 'பிஸ்-எத்தில்ஹெக்சில்' என்றோ 'டைஎத்திலமினோ' என்றோ தொடங்கும் வாயில் நுழையாத பெயர் இருந்தால் நல்லது. முதலாவது டினோசார்ப் எஸ், இரண்டாவது யுவினல் ஏ பிளஸ். கொரியா, ஐரோப்பா, இந்தியத் தயாரிப்புகளில் இவை தாராளம். அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கில் வருவதால் புதிய வடிகட்டி கடைக்கு வருவது அங்கே பெரும்பாடு. இங்கே அது அழகுசாதனக் கணக்கு. அதனால் அமெரிக்க வீடியோவில் "மினரல் மட்டும்தான் வாங்கணும்" என்று சொல்வதை அப்படியே இங்கே கொண்டுவரத் தேவையில்லை.

அவோபென்சோனுக்கு இன்னொரு வேண்டாத குணம். போர் தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள வீடுகளில், வெள்ளைச் சட்டைக் காலரிலும் சுடிதார் கழுத்திலும் துவைத்த பிறகு துருக்கறை போல ஆரஞ்சு நிறம் ஏறும். சோப்பைக் குறை சொல்வார்கள், வேலைக்கு வரும் அக்காவைக் குறை சொல்வார்கள். காரணம் முந்தின நாள் கழுத்தில் பூசிய கிரீம். பிளீச் ஊற்றினால் கறை இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறு தேய்த்து ஊறவைத்தால் கொஞ்சம் கேட்கும். வெள்ளை யூனிஃபார்ம் போடுகிறவர்கள் அவோபென்சோன் இல்லாததாகப் பார்த்து வாங்குவது மேல்.

சரி, "கெமிக்கல் என்றால் உடம்புக்குள் போய்விடுமாமே" என்ற பயம்? 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஜிங்க், டைட்டானியம் இரண்டை மட்டும் 'பாதுகாப்பானது' என்று வைக்க முன்மொழிந்து, பழைய கெமிக்கல் வடிகட்டிகள் பலவற்றுக்குக் கூடுதல் தரவு வேண்டும் என்றது. சில ரத்தத்தில் கலப்பதும் சோதனையில் தெரிந்தது. கலப்பதாலேயே கெடுதல் என்று ஆகாது, பூசுவதை நிறுத்த வேண்டாம் என்றும் அதே அமைப்பு சொன்னது. இந்தப் பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் வராது. ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு பழைய கெமிக்கல் வடிகட்டிகள் உள்ள சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை என்பது பவளப்பாறைகளுக்காக, நம் கன்னத்துக்காக அல்ல. கர்ப்பமாக இருப்பவர்கள் நிம்மதிக்காக மினரல் பக்கம் போவதில் தப்பில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதையும் பூசாமல் நிழலில் வைத்திருப்பதுதான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மினரல் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அடிக்கும், கெமிக்கல் உறிஞ்சும் என்ற பாடம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. மினரலும் யுவியைப் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கிறது. திருப்பி அனுப்புவது சுமார் 5 சதவீதம்தான்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டு கட்சிச் சண்டையைவிட நமக்கு முக்கியமான போட்டி நிறம் கலந்ததற்கும் கலக்காததற்கும் இடையில்தான். மங்கு உள்ளவர்களுக்கு வெறும் யுவி காப்புப் போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அதில் முக்கியமாக நீலப் பக்கம், கருந்தோலில் நிறத்தைக் கூட்டுகிறது. வெளுக்காமல் மறைந்துபோகும் ஜெல் அந்த ஒளியை அப்படியே விட்டுவிடும். இரும்பு ஆக்சைடு கலந்த டிண்டட் சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும், மினரலின் வெளுப்பையும் மறைக்கும். பேறுகாலத்துக்குப் பின் மங்கு வந்து, மாதக்கணக்கில் மருந்து பூசியும் கலையாதவர்கள் பலர் இந்த ஒன்றை விட்டிருப்பார்கள்.

சிக்கல் ஷேடுதான். 'எல்லாத் தோலுக்கும் பொருந்தும்' என்று ஒரே நிறத்தில் விற்பது, நம்மில் கறுப்பானவர்களுக்கு ஆரஞ்சு பூசிய மாதிரி வரும். கடை டியூப்லைட்டில் புறங்கையில் தடவிப் பார்ப்பது வீண். தாடை எலும்பு ஓரமாக ஒரு கோடு இழுத்து, பத்து நிமிஷம் பொறுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சில கிரீம்கள் பூசிக் கொஞ்ச நேரத்தில் ஒரு படி கருக்கும். கோடு தெரியாமல் கழுத்தோடு கலந்தால் வாங்கலாம். ஷேடு கிடைக்கவே இல்லையா? கீழே ஜெல் சன்ஸ்கிரீன், காய்ந்ததும் மேலே நமக்குப் பொருந்திய ஃபவுண்டேஷன். அதிலும் இரும்பு ஆக்சைடுதான் நிறம் தருகிறது.

அப்போது 'எஸ்.பி.எஃப். 30 ஃபவுண்டேஷன்' ஒன்றே போதாதா? போதாது. அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால் ஆள்காட்டி, நடு விரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு. அவ்வளவு ஃபவுண்டேஷனைப் பூசினால் கூத்துக்கட்டத்தான் போக வேண்டும். காம்பாக்ட் பவுடருக்கும் இதே கதை.

அளவு தெரிந்துவிட்டால் விலையும் தெளிவாகும். இரண்டு விரல் என்பது ஏறக்குறைய ஒரு கிராம். காலையில் ஒரு தரம் பூசினாலே 50 கிராம் டியூப் இரண்டு மாதம் தாங்காது. 500 ரூபாய் டியூப் என்றால் ஒரு பூச்சுக்குப் பத்து ரூபாய். 1,500 ரூபாய் இறக்குமதிச் சரக்கை வாங்கித் துளித்துளியாக ஆறு மாதம் ஓட்டுவதைவிட, 400 ரூபாய் ஜெல்லைத் தாராளமாகப் பூசுவது பல மடங்கு மேல்.

எண்ணெய் வழியும் முகம், பரு என்றால் புதிய வடிகட்டி ஜெல். ஏ.சி. அறையில் வறண்டு இழுக்கும் முகம் என்றால் கிரீம். கண்ணைச் சுற்றி மட்டும் எரிகிறது என்றால் அந்த இடத்துக்கு மட்டும் மினரல் ஸ்டிக். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற யுவி சுமார் 10 சதவீதம் கூடும். இரண்டு ஊருமே 2,000 மீட்டருக்கு மேல்.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும் என்பது விதி. மேக்கப் மேல் அது நடக்கிற காரியமா? டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, ஸ்பாஞ்சில் ஜெல்லைத் தொட்டுத் தட்டித் தட்டி ஏற்றலாம், தேய்க்கக் கூடாது. பவுடர் சன்ஸ்கிரீன் என்று விற்பதை நான் நம்புவதில்லை, அந்த அளவுக்குப் பவுடர் முகத்தில் ஒட்டாது. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் முகத்தில் சுற்றிக்கொள்ளும் துப்பட்டா இதைவிட நல்ல காப்பு. ஆனால் அது நெருக்கமாக நெய்த அடர் நிறக் காட்டனாக இருக்க வேண்டும். ஜார்ஜெட் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போவதில் தூசி மட்டும்தான் கொஞ்சம் குறையும்.