சூடேற்றாத இலங்கை நீலம் என்று சொல்லி 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கல் வாங்க இருப்பவர்கள் படிக்கவும்

காவிரி டெல்டாவின் கோயில் நகரம் ஒன்றில், பரிகாரத்துக்கு வருகிறவர்களை நம்பியே நடக்கும் ஒரு ராசிக்கல் கடையில், நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றாத இலங்கை நீலம் என்று சத்தியம் செய்து எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நிறம் ஏற்றப்பட்ட கல்லைத் தந்திருக்கிறார்கள். இன்று காலையும் அந்தக் கடைக்காரர் என்னைப் பேசவிடாமல் அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். திருநள்ளாற்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நீலம் வாங்க நினைக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

திருக்கடையூரில் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீலக்கல் மோதிரம் போடவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சம்பா நெல் விற்ற பணத்தில் இதற்கென்று எடுத்துவைத்ததுதான் அந்த 85,000 ரூபாய். நல்ல நீலம் எப்படி இருக்கும் என்பதை நாகூரில் அப்பாவின் நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முன்னோர் இலங்கையின் இரத்தினபுரியிலிருந்து கொண்டுவந்த மோதிரம் அது. அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் நீலத்தின் மேல் ஒரு மென்மை படர்ந்திருக்கும், பட்டைகளின் ஓரம்கூடக் கண்ணைக் குத்தாது. காலை வெயிலில் தெரியும் நிறம் மாலையில் மஞ்சள் விளக்கின் கீழே கறுத்துப்போவதில்லை. பக்கவாட்டில் திருப்பினால் கல்லின் பெரும்பகுதி வெளுத்தும், அடிக்கூரில் மட்டும் நீலம் திரண்டும் இருக்கும். அந்தத் துளி நிறமே மேலிருந்து பார்க்கும்போது முகம் முழுவதும் பரவித் தெரியும்படி, நிறம் அடியில் அமையுமாறு பார்த்துப் பட்டை தீட்டுவது இலங்கைக் கைவினைஞர்களின் பழைய திறமை. எடையைக் காப்பாற்ற அடிவயிற்றைச் சற்றுக் கனமாகவே விட்டிருப்பார்கள். அதைக் குறை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அழகாகவே படுகிறது.

இவையெல்லாம் எனக்குத் தெரியும் என்பதைப் பேச்சிலேயே அந்தக் கடைக்காரர் கண்டுகொண்டார். ஊசிகளைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். பலத்த சூட்டில் அவை கரைந்துபோகும் என்றும், 1970களிலிருந்து இலங்கையின் பால்நிற கெவுடா கற்களைத் தாய்லாந்தில் சூடேற்றியே நீலமாக்குகிறார்கள் என்றும், தம் கடையில் அத்தகைய கல்லைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னார். அத்தனையும் உண்மையான செய்திகள்; கடைசியில் சொன்னது மட்டும் பொய். பிறகு ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிக் கல்லைப் போட்டார். "தம்பி, பாலெல்லாம் நீலமா தெரியுது பாருங்க, இதுதான் இந்திரநீலம்" என்றார். நீல நிறமுள்ள கண்ணாடித் துண்டைப் போட்டாலும் பால் அப்படித்தான் தெரியும். அதற்கும் மேலாக, கல்லை மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லி, கெட்ட கனவு வந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சாமி படத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்தார். நீலத்தைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் பயத்தையே தம் நேர்மைக்குச் சான்றாக அவர் மாற்றிக்கொண்டார். அப்பா அந்த இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

மோதிரம் செய்யக் கொடுத்தபோது எங்கள் பத்தர் கல்லை நாளிதழின் மேல் முகம் மேலே இருக்கும்படி வைத்தார். நடுவில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அடிப்பட்டைகள் போதிய சரிவில்லாமல் வெட்டப்பட்டிருப்பதால், ஒளி திரும்பி வராமல் ஊடுருவிப் போய்விடுகிறது என்றார். அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கத் திருச்சியில் பட்டை தீட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சாணையில் வைப்பதற்கு முன்பே சந்தேகப்பட்டு, கிளிசரின் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் கல்லை இட்டு, அடியில் வெள்ளைத் தாளை வைத்துக் காட்டினார். பட்டைகள் சேரும் விளிம்புகள் மட்டும் கோடு கோடாகக் கருநீலமாகத் தெரிந்தன. உள்ளே கல் வெளுத்துக் கிடந்தது. இயற்கைக் கல்லில் நிறம் படிகத்தோடு சேர்ந்து வளர்வதால், அது படிக முகங்களுக்கு இணையாக நேர் வரிகளாக நிற்கும். பின்னால் தீட்டிய பட்டைகளின் விளிம்பைத் தொடர்ந்து ஓடாது. பிறகு கல்லைக் கொடுத்து வாங்கிய பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையும் அதையே உறுதி செய்தது. பட்டை தீட்டிய வெளுத்த கல்லை டைட்டானியம் கலந்த பொடிக்குள் புதைத்து, கல் உருகும் வெப்பத்தை நெருங்கும் சூட்டில் நெடுநேரம் வைத்து, மேல்தோலுக்கு மட்டும் நீலம் ஏற்றியிருக்கிறார்கள். மறுபடி தீட்டினால் அந்த நிறமே போய்விடும். இதற்குத்தான் 85,000 ரூபாய்.

அறிக்கையோடு போனபோது, "கல்லு இயற்கைதானே தம்பி, உங்க ரிப்போர்ட்டிலேயே அப்படித்தானே போட்டிருக்கு" என்றார் கடைக்காரர். அவர் கொடுத்திருந்த பிளாஸ்டிக் அட்டையிலும் இயற்கை நீலம் என்று அச்சிட்டு, எடையைப் போட்டிருந்தார்களே தவிர, சூடேற்றியதா இல்லையா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த முறை முதலாளி ஜெய்ப்பூர் போயிருப்பதாகப் பணியாள் சொன்னார். உள்ளே அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வேண்டுமானால் புஷ்பராகம் எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கொஞ்சம் பணம் போடுங்கள் என்றார். இன்று காலை, மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கும்படி, கல்லை நாங்களே வெளியில் மாற்றிவிட்டு வந்து நியாயம் கேட்பதாகச் சொல்லிவிட்டார். வாழ்நாளில் ஒருவரிடமும் ஒரு ரூபாய் ஏமாற்றாத என் அப்பா பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 85,000 ரூபாய் போனதைவிட அந்தச் சொல்லை என்னால் பொறுக்கமுடியவில்லை.

நீலம் பார்ப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பால் சோதனையையும் தலையணைச் சோதனையையும் எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். இயற்கைக் கல் என்பதோடு நிறுத்தும் அட்டையை வாங்காதீர்கள். சூடேற்றியதற்கான அறிகுறி இல்லை என்று பரிசோதனைக் கூடம் தனியாக எழுதியிருக்கவேண்டும், அந்தக் கூடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். கடைசிப் பணத்தை அறிக்கை வந்த பிறகு கொடுங்கள். எடை, நிறம், சூடேற்றாதது என்ற மூன்றும் ஜிஎஸ்டி ரசீதில் இருக்கட்டும். எஸ்டிமேட் சீட்டு போதாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நான் இரண்டையும் செய்யப்போகிறேன். இதே மாதிரி கல் வாங்கியவர்கள் ரசீதைத் தொலைக்காமல் வைத்துக்கொண்டு, மோதிரத்தில் பதிப்பதற்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். பதித்த கல்லை முழுமையாகச் சோதிப்பது கடினம்.