ஆட்டோ லாக், கைப்பூட்டு, சைல்ட் லாக், பொத்தான் கதவு: ஆபத்தில் எது திறக்கும்?

கார் வாங்கப் போகும்போது மைலேஜ் கேட்கிறோம், ஏர்பேக் எத்தனை என்று கேட்கிறோம். பேட்டரி செத்துப்போனால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவோ குழந்தையோ கதவை எப்படித் திறப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆட்டோ லாக் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

வண்டி கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொள்வதுதான் ஆட்டோ லாக். பல கார்களில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் பூட்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் சிலவற்றில் 'பி' என்ற பார்க்கிங் நிலையிலிருந்து கியரை நகர்த்தியதுமே பூட்டிவிடும். ஓடும்போது இது, நாமே பூட்டிக்கொள்ளும் கைப்பூட்டை விடச் சந்தேகமில்லாமல் மேல். சிக்னலில் யாரும் கதவைத் திறந்து பையைத் தூக்க முடியாது. பூட்டிய கதவில் வெளிக் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் தொடர்பு அறுந்திருக்கும் என்பதால், மோதலில் கைப்பிடி இழுபட்டுக் கதவு திறந்துகொள்ளும் வாய்ப்பும் குறைவு. கையால் பூட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதெல்லாம் கிடைக்கும்தான், ஆனால் அவசரமாகக் கிளம்பும் நாளில் அது மறந்துபோகும்.

சரி, விபத்து நடந்துவிட்டால்? ஆட்டோ லாக் வேண்டாம் என்பவர்களின் பயம் இங்கேதான். அது வீண் பயமும் இல்லை. இப்போதைய கார்கள் பலவற்றில் மோதலை உணரும் ஏர்பேக் கம்ப்யூட்டரே கதவுகளைத் திறக்கச் சொல்லி சிக்னல் அனுப்பும். ஆனால் அந்த சிக்னல் போக 12 வோல்ட் பேட்டரியும் ஒயரும் உயிரோடு இருக்க வேண்டும். நிறைய கார்களில் பேட்டரி பானெட்டுக்குள், நேராக அடி விழும் இடத்தில் இருக்கிறது. அது நசுங்கினால் கதவு பூட்டியபடியே நின்றுவிடலாம், உதவிக்கு ஓடி வருபவர் வெளியிலிருந்து திறக்க முடியாது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில், தானாகப் பூட்டிய கதவு மோதலுக்குப் பிறகு திறக்காவிட்டால் மதிப்பெண் குறைக்கிறார்கள். கைப்பூட்டு இதில் அப்படியொன்றும் மேல் இல்லை. மோதலில் தானாகத் திறக்கும் வசதி இல்லாத பழைய காரைக் கையால் பூட்டி ஓட்டினால், வெளியில் நிற்பவருக்குக் கண்ணாடியை உடைப்பதைத் தவிர வழியில்லை.

உள்ளே இருப்பவருக்கு ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல், கரண்ட் போனாலும், எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் வசதி எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் வந்த அதே விதியில் இதுவும் வந்தது. எப்படி விடுவிப்பது என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் கைப்பிடியை ஒரே இழுப்பில் இழுத்தால் போதும். பல ஐரோப்பிய கார்களில் முதல் இழுப்பு பூட்டைத் திறக்கும், இரண்டாவது இழுப்பு கதவைத் திறக்கும். இன்னும் சிலவற்றில் பின்கதவின் சின்னக் குமிழை விரலால் விடுவித்த பிறகுதான் கைப்பிடி வேலை செய்யும். புகை சூழ்ந்த நேரத்தில் இதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆட்டோ லாக்கைவிட எனக்குப் பெரிய கவலை சைல்ட் லாக். பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள், பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோலோ சாவி முனையால் திருப்பும் துவாரமோ இருக்கும். அதை ஆன் செய்துவிட்டால் உட்கைப்பிடி வெறும் அலங்காரம். விபத்தில் கம்ப்யூட்டர் எல்லாக் கதவையும் திறந்துவிட்டாலும் இந்த நெம்புகோல் அசையாது. பின் சீட்டில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி வெளிக் கைப்பிடியை எட்ட வேண்டும், அல்லது முன் சீட்டுக்குத் தாவ வேண்டும். பெண் பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு வாடகைக் கார்களில் 2019-லேயே இதற்குத் தடை வந்தது. சொந்தக் காரில், கைப்பிடியை இழுத்து விளையாடும் வயதில் பிள்ளை இருக்கும்வரை இது தேவைதான். பிள்ளை வளர்ந்த பிறகும் பல வீடுகளில் அது ஆனிலேயே கிடக்கிறது.

நிறுத்திய கார் வேறு விதமான ஆபத்து. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில், விளையாடப் போன நான்கு குழந்தைகள் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறினார்கள். கதவு பூட்டிக்கொண்டது. நால்வரும் இறந்துபோனார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், குழந்தையின் உடலோ பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். வீட்டு வாசலில்தானே நிற்கிறது என்று காரைப் பூட்டாமல் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சாவியும் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. ஏசி போட்டு, குழந்தையை உள்ளே விட்டு, 'ஒரு நிமிஷம்' என்று கடைக்குள் போவதும் வேண்டாம். உள்ளேயிருந்து குழந்தை லாக் பட்டனை அழுத்த ஒரு நொடி போதும்.

இந்த வரிசையில் கடைசி இடம் பொத்தான் கதவுக்கு. சில புதிய மின்சாரக் கார்களில் பொத்தானை அழுத்தினால் கதவைத் திறப்பதே மோட்டார்தான். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் 2021 மாடல் டெஸ்லா மாடல் ஒய் சுமார் 1,74,000 கார்கள் மீது விசாரணை தொடங்கியது. பேட்டரி வோல்டேஜ் குறைந்து வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல், உள்ளே மாட்டிய குழந்தையை எடுக்கப் பெற்றோர் கண்ணாடியை உடைக்க வேண்டிவந்தது என்பது புகார். அந்தக் காரில் முன் கதவுக்குக் கையால் இழுக்கும் நெம்புகோல் உண்டு. பின் கதவுக்கு எல்லாக் கார்களிலும் அது இல்லை; இருக்கும் கார்களிலும் கதவுப் பையின் அடியில் விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து கேபிளை இழுக்க வேண்டும். இருட்டில், பதற்றத்தில், பத்து வயதுப் பிள்ளை அதைச் செய்யுமா? சீனா 2027 ஜனவரி 1 முதல் புதிதாக அனுமதி பெறும் மாடல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் மெக்கானிக்கல் திறப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரிலும் அந்த விதி வர வேண்டும்.

என் தேர்வு இதுதான்: மோதலில் தானாகத் திறக்கும் வசதியும், ஒரே இழுப்பில் திறக்கும் உட்கைப்பிடியும் உள்ள ஆட்டோ லாக். அது இல்லாத பழைய காரென்றால் கைப்பூட்டு போதும், ஓடும்போது கிடைக்கும் பாதுகாப்புக்காகப் பூட்டியே ஓட்டுங்கள்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ 2019-ல் இப்படி ஆறு கருவிகளைச் சோதித்தது. சிறு துண்டுகளாக நொறுங்கும் சாதாரண டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன, நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ள லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் காரில் எந்தக் கண்ணாடி என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும். கார் தண்ணீரில் விழுந்தால் கதவோடு போராடாமல், பெல்ட்டைக் கழற்றி, பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்.

டெலிவரி எடுக்கும் அன்றே பின் சீட்டில் உட்காருங்கள். சாவியோடு ஒருவரை வெளியே நிறுத்தி லாக் செய்யச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து திறந்து பாருங்கள். சில ஐரோப்பிய கார்களில் ரிமோட்டை இருமுறை அழுத்தினால் உட்கைப்பிடியே செயலிழந்துவிடும், உங்கள் காரில் அப்படி உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அப்புறம் வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள்.