ஷில்டாக், பாட் ஷாண்டவ், லுப்பனாவ்: ராத்திரிச் சாப்பாட்டை வைத்து ஓர் அலசல்

ஜெர்மனியில் கூட்டமில்லாத ஒரு சின்ன ஊரில் சில நாள் தங்க வேண்டும், காலையில் காட்டு நடை, மற்ற நேரத்தில் அந்த வட்டாரச் சாப்பாடு. நாங்கள் தேடியது இவ்வளவுதான். நிபந்தனைகள் மட்டும் கொஞ்சம் அதிகம். கார் கிடையாது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் கறி, மீன் எல்லாம் ஓடும்.

கடைசியில் மூன்று ஊர்கள் மிஞ்சின. பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் கின்ட்ஸிக் ஆற்றங்கரையில் இருக்கும் ஷில்டாக், சாக்சனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் பாட் ஷாண்டவ், பெர்லினுக்குத் தெற்கே ஷ்பிரேவால்ட் கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் லுப்பனாவ். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஷில்டாக். மற்ற இரண்டுக்கும் வேறு சமயங்களில் போயிருக்கிறேன், ஆனால் ஷில்டாக் அளவுக்கு நின்று பார்த்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அழகைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை, மூன்றும் அழகான ஊர்கள்தான். இயற்கைக் காட்சி ஒன்றே போதும் என்றால் பாட் ஷாண்டவை அடிக்க ஆளில்லை. மணற்பாறைத் தூண்கள், அவற்றுக்கு நடுவே இரும்பு ஏணி வைத்த பாதைகள், கீழே வளைந்து போகும் ஆறு. 1990இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா ஊரை ஒட்டியே இருக்கிறது. 1898 முதல் ஓடும் ஒரு சின்ன டிராம், கிர்னிச் பள்ளத்தாக்கு வழியாகக் காட்டுக்குள்ளேயே கூட்டிப்போய் விடும். ஆனால் பட்டை வண்டு தாக்கி ஸ்ப்ரூஸ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போய்விட்டன, 2022 கோடையில் பெரிய காட்டுத்தீயும் வந்தது. பட்ட மரம் விழும் அபாயத்தால் சில பாதைகளை மூடி வைப்பார்கள், கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. பாஸ்டை பாறைப் பாலத்தில் விடுமுறை நாளில் நின்றால் அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் முழங்காலுக்கு அந்த ஏணிகளும் படிகளும் ஆகாது, அதனால் எங்கள் பட்டியலில் அது முதலில் கழன்றது.

லுப்பனாவ் நேர் எதிர். தரை தட்டையோ தட்டை. நடப்பதைவிடப் படகில் உட்காருவதுதான் அங்கே வேலை. படகோட்டி நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார், ஆல்டர் மரங்களின் நிழலில் லேடே கிராமம் வரை போகலாம். கோடை மாதங்களில் அந்தக் கிராமத்துக்குத் தபால்கூடப் படகில்தான் வருகிறது. தெருப் பலகைகளில் ஜெர்மனோடு சோர்பிய மொழியும் இருக்கும், அங்கே வாழும் ஸ்லாவிய சிறுபான்மையினரின் மொழி அது. பெர்லினிலிருந்து வட்டார ரயிலில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

சைவச் சாப்பாட்டிலும் லுப்பனாவ்தான் முந்துகிறது, இதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். அந்த ஊரின் அடையாள உணவே தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, குவார்க் என்னும் புளிப்புத் தயிர்க்கட்டி, மேலே ஊற்றிய ஆளிவிதை எண்ணெய். முட்டை இல்லை, கறி இல்லை, சாதாரணச் சாப்பாட்டுக்கடையில்கூடக் கிடைக்கும். ஆளிவிதை எண்ணெயில் லேசான கசப்பு இருக்கும், முதல் வாய்க்கு முகம் சுளிக்கும், அப்புறம் பிடித்துவிடும். புவிசார் பாதுகாப்புப் பெற்ற ஷ்பிரேவால்ட் வெள்ளரி ஊறுகாய் பக்கத்தில் வந்துவிடும். கொசுத்தொல்லை மட்டும் உண்டு, தண்ணீருக்கு நடுவே இருக்கும் ஊர் வேறு எப்படி இருக்கும்?

அப்படியானால் லுப்பனாவுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களைத் தடுத்தது மாலை நேரம்.

ஜெர்மனியின் சின்ன ஊர்களில் அமைதியும் சாப்பாடும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். பயணக் கட்டுரைகள் இதை அநேகமாகச் சொல்வதே இல்லை. ஊர் எவ்வளவு அமைதியோ, சமையலறை அவ்வளவு சீக்கிரம் மூடும். மதியச் சமையல் இரண்டு மணியோடு முடிந்துவிடும், மறுபடி அடுப்புப் பற்ற ஐந்தரை ஆகும். ராத்திரி எட்டு, எட்டரைக்கு மேல் ஆர்டர் எடுக்கமாட்டார்கள். கடை திறந்திருக்கும், பியர் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. இதோடு ருஹெடாக் என்ற வார விடுமுறை வேறு. பல ஊர்களில் திங்களும் செவ்வாயும் ஒருவர் விடாமல் சேர்ந்தாற்போல் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டும் கிடையாது, பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறக்கும். நவம்பரிலும் ஜனவரியிலும் இரண்டு மூன்று வாரம் மொத்தமாகப் பூட்டிக்கொண்டு போகிற கடைகளும் உண்டு.

கார் இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, பத்து நிமிடத்தில் அடுத்த ஊர். கார் இல்லாதவருக்குக் கேள்வி ஒன்றுதான்: இந்த ஊரில் அடுப்பு அணைந்திருந்தால், பக்கத்து ஊரில் சாப்பிட்டுவிட்டு ராத்திரி படுக்கைக்குத் திரும்ப முடியுமா? மூன்று ஊர்களையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்.

லுப்பனாவ் பகலில் பெர்லின்காரர்களால் நிரம்பி, மாலையில் அவர்கள் ரயிலேறியதும் காலியாகிவிடும் ஊர். பகல் கூட்டத்தை நம்பி நடக்கும் கடைகள் படகுத்துறையைச் சுற்றியே இருக்கின்றன. ரயிலில் லுப்பன், கோட்புஸ் என்று போகலாம், கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் பழைய ஊரிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி, சாப்பிட்டு, மறுபடி நடந்து என்று கூட்டினால் அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் அது ஆகாது. ஷ்பிரேவால்டின் இன்னொரு பிரபல ஊரான பூர்க்குக்கு ரயிலே கிடையாது.

பாட் ஷாண்டவில் ரயில் வசதி நன்றாகவே இருக்கிறது. டிரெஸ்டனுக்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயில், முக்கால் மணி நேரம். தங்குபவர்களுக்குத் தரும் விருந்தினர் அட்டையில் சுற்றுவட்டாரப் பேருந்துகளிலும் சுற்றலாம். சிக்கல் என்னவென்றால் ரயிலடி ஆற்றுக்கு ஒரு கரையில், ஊர் மறுகரையில். படகோ பேருந்தோ பிடித்துத்தான் வீடு சேர வேண்டும். பகலில் அந்தப் படகு சுகம், ராத்திரியில் நேரம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். சாப்பாடும் அதிகம் கறி சார்ந்தது. புளிக்கவைத்த மாட்டிறைச்சி வறுவலான சவர்பிராட்டன் அருமை, எனக்கு. அம்மாவுக்கு மிஞ்சியது உருளைக்கிழங்கு சூப்பாக இருந்திருக்கும், அதிலும் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

இப்போது ஷில்டாக். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சரிவான முக்கோணச் சந்தைத் திடல், அதைச் சுற்றி மரச்சட்ட வீடுகள், நடுவில் ஒரு நீரூற்று. நகர மன்றத்தின் முகப்பில் ஊர் வரலாற்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள், 1533இல் ஊரையே பொசுக்கிய தீயும் அதில் உண்டு. அந்தத் தீயைப் பிசாசின் வேலை என்று சொல்லி ஒரு வேலைக்காரப் பெண்ணைச் சூனியக்காரியாக்கி எரித்த கதையும் அதோடு சேர்ந்ததுதான். கீழே ஆற்றோரம் தோல் பதனிடுவோரின் பழைய தெரு. ஷவர் குழாய்களில் பெயர் பார்த்திருப்பீர்களே, ஹான்ஸ்குரோஹே, 1901இல் தொடங்கியது இங்கேதான். அவ்வளவு சின்ன ஊரில் ஒரு உலகக் கம்பெனி இருப்பதும் நல்லதற்குத்தான், வார நாட்களில் வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஊராக இருப்பதால் சாப்பாட்டுக்கடைகள் சுற்றுலாவை மட்டும் நம்பி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் நான் ஷில்டாக்குக்கு ஓட்டுப் போட்டது அந்தத் திடலுக்காக இல்லை, ரயில் பாதைக்காக. ஆஃபன்பூர்க்கிலிருந்து ஹவுஸாக் வழியாக ஃபிராய்டன்ஷ்டாட் போகும் பாதை இந்த ஊருக்குள்ளேயே வருகிறது. ஷில்டாக் மிட்டே என்ற இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் பழைய ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் வோல்ஃபாக், இன்னொரு பக்கம் ஆல்பிர்ஸ்பாக், இரண்டுமே பத்துப் பதினைந்து நிமிடம். பகலில் ஏறக்குறைய மணிக்கொரு ரயில். ஷில்டாக்கில் ருஹெடாக் என்றால் வோல்ஃபாக், அங்கேயும் பூட்டியிருந்தால் ஹவுஸாக். கடைசி ரயில் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், வாரக் கடைசியில் மாறும்.

இதற்குக் காசும் தர வேண்டாம். பிளாக் ஃபாரஸ்டில் கோனுஸ் என்றொரு விருந்தினர் அட்டை இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் தங்கினால், நாம் கட்டும் தங்கல் வரியிலேயே அந்த அட்டையின் செலவு அடங்கிவிடும், விடுதிக்காரரே கையில் தருவார். தங்கும் நாள் வரை பிளாக் ஃபாரஸ்ட் முழுக்க வட்டார ரயில், பேருந்து இரண்டிலும் போகலாம், ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. பாட் ஷாண்டவ் அட்டை ஊரைச் சுற்றித்தான், இது ஒரு மலைநாட்டுக்கே. அறை பதிவு செய்யும்போதே கோனுஸ் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஜெர்மனியிலேயே இருந்து, நாடு முழுக்க வட்டார ரயிலிலும் பேருந்திலும் செல்லும் டாய்ட்ச்லாண்ட் டிக்கெட்டை மாதா மாதம் வாங்குபவர்களுக்கு இந்த லாபம் கிடையாது, அவர்களுக்கு மூன்று ஊரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ரயில் நடைக்கும் உதவியது. லாஸ்பூர்க்கிலிருந்து வோல்ஃபாக் வரை கின்ட்ஸிக் ஓரமாகச் சுமார் 32 கிலோமீட்டருக்கு ஃப்ளோசர்ஃபாட் என்ற நடைபாதை இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு ரைன் வழியாக ஹாலந்து வரை கொண்டுபோனார்கள், அந்தத் தெப்பக்காரர்களின் பெயரில் அமைந்த பாதை. ரயில் பாதையும் கூடவே வருகிறது. முழங்கால் மக்கர் செய்தால் அடுத்த ஸ்டேஷனில் ஏறிவிடலாம். அப்பா அப்படித்தான் செய்தார், எங்களுக்கு முன்னால் போய் காபியோடு உட்கார்ந்திருந்தார். உயரமான காட்சிக்குத் திரிபெர்க் அருவி, 163 மீட்டர், ஹவுஸாக்கில் வண்டி மாற வேண்டும். அருவியை விடக் குக்கூ கடிகாரக் கடைகள்தான் அங்கே அதிகம் கண்ணில் படும். அதே வழியில் குட்டாக்கில் 1612ஆம் ஆண்டுப் பண்ணை வீட்டைச் சுற்றி அமைத்த திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்குவது மேல், குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஷில்டாக்குக்கு ஒரு விசித்திரமான வசதி இருக்கிறது. இன்று பாடன்-வூர்ட்டம்பெர்க் என்று ஒரே மாநிலமாக இருப்பவை ஒரு காலத்தில் தனித்தனி நாடுகள். இந்த ஊர் 1810 வரை வூர்ட்டம்பெர்க்கில் இருந்தது, அப்புறம் பாடனுக்குப் போனது. ரயிலில் கொஞ்ச தூரத்தில் ஆல்பிர்ஸ்பாக், அது இன்றும் வூர்ட்டம்பெர்க் பக்கம். அதனால் மவுல்டாஷன் (பூரணம் வைத்த மாவுப் பொட்டலம்), லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே (பருப்போடு மாவு நூடுல்ஸ்) போன்ற வூர்ட்டம்பெர்க் பக்கத்து ஷ்வாபியச் சாப்பாடும், பாடன் பக்கத்து பீபெலெஸ்கேஸ் என்ற குவார்க் உணவும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். கின்ட்ஸிக் ஓடைகளின் டிரவுட் மீனை வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள், அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சாப்பிட்டேன். பிளாக் ஃபாரஸ்ட் ஹாமைப் புகை போடுவது இந்த மலையில்தான், பன்றி இந்த மலையில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்டு வாங்கினால் உள்ளூர்ப் பண்ணைக் கறி கிடைக்கும், வித்தியாசம் நாக்கில் தெரியும்.

சைவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சீஸ் போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே சைவம் என்று பட்டியலில் போட்டிருக்கும், ஆனால் ஷ்பெட்ஸ்லே மாவிலேயே முட்டை உண்டு. பருப்போடு வரும் தட்டில் சாசேஜ் தானாக வந்து உட்காரும். அம்மா பிழைத்தது பீபெலெஸ்கேஸில்தான்: மூலிகை, வெங்காயம் கலந்த குவார்க், பக்கத்தில் பிரேகெலே என்னும் வறுத்த உருளைக்கிழங்கு. வறுவலை எண்ணெயில் செய்யச் சொல்லுங்கள், “ஓனெ ஷ்பெக்” என்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் வந்துவிடும். பீட்சா போன்ற மெல்லிய ஃபிளாம்கூகனும் அதே நிபந்தனையோடு வாங்கலாம். ஜூன் கடைசி வாரம் வரை வெள்ளை அஸ்பாரகஸ், கோடையில் ஃபிஃபர்லிங் காளான் வந்தால் பட்டியல் கொஞ்சம் நீளும். செர்ரி கேக்கில் கிர்ஷ்வாசர் சாராயம் நிஜமாகவே ஊற்றுகிறார்கள், அதிலும் தாராளமாக. இதையெல்லாம் தாண்டி, சமையலறை உள்ள ஃபெரியன்வோனுங் (விடுமுறை வாடகை வீடு) எடுத்ததால் ரசம் வைக்கவும் முடிந்தது.

எந்த மாதம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர். செப்டம்பர் கடைசியில் அதே அட்டையைக் காட்டி கெங்கன்பாக் வரை போனால் திராட்சைத் தோட்டங்களும் புது வைனும் கிடைக்கும், அதோடு தரும் வெங்காய கேக்கிலும் ஷ்பெக் உண்டு. புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், ஃப்ரோன்லைக்னாம் என்ற கத்தோலிக்கத் திருநாள், நவம்பர் 1 ஆகியவை பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் விடுமுறை, முதல் நாளே சாமான் வாங்கி வைத்துவிடுங்கள். பிப்ரவரி வாக்கில் ஃபாஸ்நெட் திருவிழா வந்தால் கின்ட்ஸிக் பள்ளத்தாக்கே மர முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடும். வேடிக்கை பார்க்க ஜோர்தான், ஆனால் அமைதி தேடி வருபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்து அறை எடுங்கள்.