சைடு மிரர் உடைந்தால் முழு செட்டா, கண்ணாடி மட்டுமா?

குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனால் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு பஸ் நிற்கும்போது ரூல் பேசிக்கொண்டிருக்க முடியாது. இடது பக்கம் ஒதுங்கினேன், இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன், 'சடக்' என்றது. சைடு மிரர் பாறையில் உரசி மடங்கிவிட்டது. அரவேணு வந்து டீக்கடை ஓரம் நிறுத்திப் பார்த்தால் கண்ணாடி முழுக்க சிலந்தி வலை மாதிரி விரிசல். பிளாஸ்டிக் கூட்டின் மேல்முனையில் நாலு விரல் நீளத்துக்குப் பிளவு. தண்டும் போல்ட்டுகளும் தப்பித்திருந்தன.

வண்டி பழைய டெம்போ டிராவலர். ஸ்கூல் டிரிப் ஓடியதை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக்கியது. ஆர்சி-யில் மாற்றம் செய்ய ஆர்டிஓ ஆபீசுக்கு நடந்தது தனிக் கதை. பின்பக்க ஜன்னலை அடைத்து அலமாரி போட்டுவிட்டதால் உள்ளே தொங்கும் கண்ணாடியில் தெரிவது மளிகைச் சாமான்கள் மட்டும். பின்னால் என்ன வருகிறது என்பதை இரண்டு சைடு மிரர்களும்தான் சொல்ல வேண்டும். அதனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை.

இன்சூரன்ஸை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டேன். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையைக் கழிப்பார்கள். அதற்கு மேல் நாம் கட்டாயமாகக் கையிலிருந்து போட வேண்டிய தொகை வேறு. இவ்வளவும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதை வாங்கப் போனால், ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) அடுத்த ரினீவலில் பூஜ்யம்.

ஷோரூமில் கண்ணாடி, கூடு, தண்டு எல்லாம் சேர்ந்த புது செட் கேட்டதில் 2,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். காசும் பொறுமையும் இருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

எனக்கு மிஞ்சியவை இரண்டு. கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஒரு முழு செட் தேடிப் பிடித்து மாட்டுவது ஒன்று. இருக்கிற கூட்டைச் சரிசெய்து கண்ணாடியை மட்டும் மாற்றுவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் செய்தேன், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் முதலில் உக்கடம் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரர் மூட்டையைக் கொட்டுவதுபோல ஏழெட்டு மிரர்களைத் தரையில் பரப்பினார். "லெஃப்ட்டுங்களா ரைட்டுங்களாண்ணா?" என்றார். இடதுபக்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி மூன்று இருந்தன. ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். கூடு புதுசு போல இருந்தது. ஆனால் கண்ணாடியின் ஓரம் முழுக்க, கரப்பான் அரித்த காகிதம் மாதிரி, கறுப்பு ஏறியிருந்தது.

"ஏனுங் பாய், ரசம் போயிருக்குதே?"

"மெட்ராஸ் வண்டிங்ண்ணா, கடல் காத்து. பார்க்கறதுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்."

மற்ற இரண்டும் அப்படியே. அவை எந்தக் கடல் காற்றைக் குடித்தன என்று நான் கேட்கவில்லை. 700 ரூபாய் சொன்னார், பேசினால் 500-க்கு வந்திருக்கும். கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் யோசித்தேன். வாங்காமல் வந்ததற்கு அந்தக் கறுப்பு ஓரம்தான் காரணம்.

கீழ்நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. இங்கே வேறு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. கூடலூர், தேவாலாக்காரர்களுக்கு ஆனி, ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். மழை விட்டாலும் மூடுபனி விடாது. வீட்டுக்குள் துவைத்த துணி மூன்று நாள் காயாத ஊரில், வெளியே தொங்கும் மிரருக்குள் எப்போது காயும்?

கண்ணாடியின் பின்புறம் வெள்ளியோ அலுமினியமோ மெல்லிசாகப் பூசி, அதன் மேல் ஒரு பெயின்ட் கோட் அடித்திருப்பார்கள். அதைத்தான் ரசம் என்கிறோம். முதுகில் பெயின்ட் காவல் இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் எதுவும் இல்லை. உலோகப் படலம் அங்கே காற்றைப் பார்த்தபடி நிற்கிறது. ஈரம் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். முதலில் ஊசிமுனை அளவு புள்ளி, அப்புறம் ஓரக்கோடு, அப்புறம் உள்நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை. இடது மிரரின் கீழோரம் கறுத்துவிட்டால் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் சாக்கடை ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட உள்வாங்கித்தான் வரும். அதைக் காட்டுகிற இடம் கண்ணாடியின் அந்தக் கீழ்ப்பகுதிதான்.

முழு செட் வாங்கினால், பழையதோ டூப்ளிகேட் புதுசோ, கண்ணாடி ஏற்கெனவே கூட்டுக்குள் பதிந்து வருகிறது. அதன் ஓரத்தை நாம் தொடவே முடியாது. கண்ணாடியைத் தனியாக வாங்கினால் ஒட்டுவதற்கு முன் ஓரத்தை நாமே அடைத்துவிடலாம். எனக்கு இந்த ஒன்றுதான் தராசைச் சாய்த்தது. விலை இரண்டாம் பட்சம். மேட்டுப்பாளையம் ஸ்பேர் கடையில் கண்ணாடி மட்டும் 180 ரூபாய்க்குக் கிடைத்தது.

வாங்கும்போது ஒரு சின்ன சோதனை. பேனா முனையைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். நிஜ முனைக்கும் பிம்பத்தின் முனைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்னால் இருக்கிறது, ஓரத்தை அடைக்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் பூச்சு முன்பக்கம். அது பெரும்பாலும் குரோமியம், பிம்பம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. கடையில் இந்த இரண்டாவது வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது முதல் வகை.

கண்ணாடிக் கடையில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இடது பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். டிரைவர் சீட்டிலிருந்து இடது மிரர் தூரத்தில் இருக்கிறது. தட்டையான கண்ணாடி அங்கிருந்து ஒரு சின்னத் துண்டு ரோட்டைத்தான் காட்டும். குவிந்த கண்ணாடி பொருளைச் சிறிசாக்கிக் காட்டினாலும் பரப்பைக் காட்டுகிறது. மலையில் நமக்கு வேண்டியது பரப்பு.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். உடைந்த கண்ணாடியின் மேல் முதலில் அகலமான பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிட்டேன், சில்லு தெறிக்காமல் இருக்க. தோட்டக்கையுறை போட்டுக்கொண்டு, ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடுகாட்டி, மர ஸ்கேலால் நெம்பினேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பின்னாலிருக்கும் தட்டு உடையும், அது உடைந்தால் முழு செட்தான். தட்டில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டி, கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருந்த, தண்ணீர் மாதிரி இருக்கும் சானிடைசரால் துடைத்தேன். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கூட்டின் பிளவுக்கு வருமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த பிளாஸ்டிக் என்பதை அச்சிலேயே பொறித்திருப்பார்கள். 'ஏபிஎஸ்' (ABS) என்றிருந்தால் நல்லகாலம், ஃபெவிக்விக் பிடிக்கும். 'பிபி' (PP) என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, சூடான சால்டரிங் அயர்னால் உருக்கி இணைக்க வேண்டும். என்னுடையது ஏபிஎஸ். பிளவை இறுக்கிப் பிடித்து ஃபெவிக்விக் விட்டு, உள்பக்கமாக அதன் மேல் சமையல் சோடாவைத் தூவினேன். தூவிய நொடியில் புகை மாதிரி ஒரு ஆவி கிளம்பி, கல்லாக இறுகிவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை இப்படி அடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் தழும்பு தெரிகிறது. தெரியட்டும்.

அப்புறம் கண்ணாடியின் ஓரம். மகளின் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் செலவானது. ஓரம் முழுக்க ஒரு சுற்று, பின்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே வரை ஏறும்படி தடவி, காய்ந்ததும் இன்னொரு சுற்று. "அப்பா, மிரருக்கு எதுக்கு மேக்கப்?" என்றாள். பாட்டிலுக்கு நஷ்டஈடாகக் கோத்தகிரி மார்க்கெட்டில் வர்க்கி ஒரு பாக்கெட் வாங்கிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஒட்டுவதற்கு சிலிக்கான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மீன்தொட்டிக்குப் போடுகிற சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் வாசம் வரும். அந்த அமிலமே ரசத்தைப் பின்னாலிருந்து தின்றுவிடும். ஓரத்தை அடைத்துவிட்டு முதுகில் அமிலம் பூசுவதில் அர்த்தமில்லை. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் விலை கூட. பஞ்சு போன்ற மலிவான டபுள் சைடு டேப்பும் வேண்டாம், அந்த நுரை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஐந்து பொட்டு சிலிக்கான் வைத்து அழுத்தி, வெளியே நாலு பக்கமும் பேக்கிங் டேப்பால் கட்டிவிட்டேன். காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் சிலிக்கான் இறுகும், அதனால் நம் ஊர் மூடுபனி இதில் உதவி. குளிர் அதைத் தாமதப்படுத்தும். டியூபில் 24 மணிநேரம் என்றிருந்தது, நான் மிரரை அடுப்படிக்குப் பக்கத்தில் இரண்டு ராத்திரி வைத்திருந்துதான் மாட்டினேன்.

கூட்டின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். தண்ணீர் வடிய வைத்தது. அதைப் பார்த்து 'இந்த வழியாகத்தான் ஈரம் போகிறது' என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கூடு சின்னக் கிணறாகிவிடும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்தி, சேர்ந்த பாசியையும் தூசியையும் எடுத்துவிடுகிறேன். பராமரிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

முழு செட்தான் சரி என்கிற சமயமும் இருக்கிறது. கண்ணாடித் தட்டு உட்கார்ந்திருக்கும் குமிழ் தேய்ந்திருந்தாலோ தண்டு ஆடினாலோ, கண்ணாடியை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பயனில்லை. வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, மிரரில் தூரத்து சில்வர் ஓக் மரம் ஒன்றைப் பாருங்கள். மரம் இரண்டாகத் தெரிந்து நடுங்கினால் உக்கடத்துக்குக் கிளம்பிவிடுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டப் போகிற வண்டியாக இருந்தாலும் அப்படியே. என் சோடா உப்புத் தழும்பைப் பார்த்து எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்று நான் உறுதி தர முடியாது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் தழும்பைக் காட்டி ஐந்நூறு குறைத்துக் கேட்பார் என்பது மட்டும் நிச்சயம். பட்டனில் திரும்புகிற, உள்ளே சூடேற்றும் கம்பி வைத்த மிரர்களில் நான் கைவைத்ததில்லை. இங்கே சொன்னது எல்லாம் கையால் திருப்புகிற மிரருக்கு.

இரண்டு ஐப்பசி போய்விட்டது. கீழ் வலது மூலையில் மிளகு அளவுக்கு ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. நெயில் பாலிஷ் தீர்ந்துபோய் ஒரே கோட்டில் விட்ட மூலை அது. இப்போது என் கவலை எல்லாம் பர்லியாறில் நிறுத்தும்போது வருகிற குரங்குகள்தான். மிரரில் தெரிகிற குரங்கோடு சண்டை போடுவதற்கென்றே ஒன்று ஏறி உட்கார்கிறது. நிறுத்தியவுடன் இரண்டு மிரருக்கும் ஆளுக்கொரு மஞ்சப்பை மாட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறேன்.