ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: இறக்கி ஊற்றுவதா, மெஷினில் மாற்றுவதா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஆளும் சுமையுமாக மெதுவாக ஏறும்போது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் கடைந்தெடுக்கப்பட்டுச் சூடேறும். இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் அதன் லாக்கப் கிளட்ச் பிடிக்கும் வேகமும் அங்கே அதிகம் கிடைக்காது. அதனால் மலையேறும் வண்டிக்கு "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சு பொருந்தாது. 50,000 - 60,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள்.

டிரெயின் பிளக்கைக் கழற்றினால் எல்லா ஆயிலும் இறங்காது. கன்வர்ட்டரிலும், ஆயிலை ஆற்றும் கூலர் குழாயிலும் மிச்சம் நிற்கும். மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் கியர் பெட்டியில் 3 லிட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்குப் புது ஆயில் 43 சதவீதம், இரண்டாம் தடவை 67, மூன்றாம் தடவை 81. இடையில் சில நூறு கி.மீ. ஓட்ட வேண்டும். செலவாவது 9 லிட்டர்.

ஆயில் மாற்றும் மெஷின் கூலர் குழாயில் இணைகிறது. ஒரே நாளில் 90 சதவீதத்துக்கு மேல் மாறும். ஆயில் 10 - 12 லிட்டர் போகும். கியர்பாக்ஸின் சொந்த பம்பே பழசைத் தள்ளும் மெஷின் என்றால் பயமில்லை. வெளியிலிருந்து அழுத்தம் கொடுப்பதையும், கழுவும் திரவம் ஊற்றுவதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயர்ந்த கசடு, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்துளைகளில் அடைத்தால் கியர் மாறும்போது உதறும்.

ஒரு லட்சம் கி.மீ. தாண்டியும் ஆயிலைத் தொடாத வண்டிக்கு இறக்கி ஊற்றுவதே சரி. ஒழுங்காக மாற்றி வந்த வண்டிக்கு எதுவானாலும் சரி. ஏற்கெனவே கிளட்ச் வழுக்கினால் இரண்டுமே தீர்வில்லை.

அடித்தட்டைக் கழற்றும் அமைப்புள்ள வண்டியில் முதல் தடவையே கழற்றி ஃபில்டர், கேஸ்கெட்டை மாற்றிவிடலாம். அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் ஆயில் மாற்றுவதோடு நிற்காது.

எந்த முறையானாலும் ஊற்றும் பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். கீழே இறக்கிவிட்டு மேல் பிளக் இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வாஷர் புதிது போடுங்கள். இறங்கியதை அளந்து அதே அளவு ஊற்றுங்கள்.

அளவு பார்ப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகள் பலவற்றில் ஆயில் சுமார் 40 டிகிரி இருக்கும்போது, சமதரையில், எஞ்சின் ஓட, ஒவ்வொரு கியராக மாற்றி வந்தபின் லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். மெல்லிய இழையாக ஒழுகி, சொட்டாகும்போது மூடலாம். சரியான டிகிரி கையேட்டில் இருக்கும்; ஸ்கேனரில் பாருங்கள். கரூர், ஈரோடு வெயிலில் சித்திரை மதியம் ஸ்டார்ட் செய்தால் சில நிமிடத்தில் அந்தச் சூடு தாண்டிவிடும். விரிந்த ஆயில் அதிகமாக வழிந்து, ஆறியபின் அளவு குறையும். பம்ப் காற்றை இழுத்து கியர் வழுக்கும். கூடினாலும் கெடுதிதான், சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். விடிகாலையில், வண்டி ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள்.

பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி. பெட்டிக்கு சி.வி.டி. ஆயில் மட்டுமே, சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலான ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கும். ஏ.எம்.டி. வண்டிக்கு இந்த அலசலே பொருந்தாது. அதில் இருப்பது தானாகக் கியர் மாற்றும் மேனுவல் பெட்டி, கன்வர்ட்டர் கிடையாது.