ஏழு வருட உபுண்டுவும் ஒரு 512 எம்பி தப்பும்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், கர்னல் அப்டேட் வந்துக்கிட்டே இருக்கே, எல்லாத்தையும் போட்டே ஆகணுமா?" போட்டே ஆகணும் என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் அனுப்பிவிட்டு, சும்மா என் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) லேப்டாப்பில், எந்தக் கர்னல் ஓடுகிறது என்று காட்டும் 'யூநேம் -ஆர்' கட்டளையை அடித்துப் பார்த்தேன். கர்னல்தான் இயங்குதளத்தின் மையப் பகுதி. ஓடிக்கொண்டிருந்தது இரண்டரை மாதப் பழைய கர்னல்.

காரணம் பூட் பார்ட்டிஷன், அதாவது கர்னலும் மெஷின் கிளம்பத் தேவையான கோப்புகளும் இருக்கும் டிஸ்க் பகுதி. 2018-இல் உபுண்டு 18.04 பதிப்பைப் போடும்போது, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய வேண்டும் என்று அதற்குத் தனியாக 512 எம்பி ஒதுக்கிய புண்ணியவான் நானேதான். அன்றைக்கு அது தாராளம். இப்போது 24.04-இல், ஒவ்வொரு கர்னலோடும் வரும், கிளம்பும்போது தேவைப்படும் டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே, கிராஃபிக்ஸ் டிரைவரோடு சேர்த்து, நூறு எம்பியைத் தாண்டுகிறது. ஓடுகிற கர்னல், அதற்கு முந்தையது, புதிதாக வருவது என்று மூன்றும் உட்கார்ந்தால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'.

இடம் இல்லாததுகூடப் பரவாயில்லை. கர்னல் பேக்கேஜ் பாதியில் நின்றதும், பின்னணியில் தானாக நடக்கும் அப்டேட்டும் அதோடு படுத்துவிட்டது. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் உட்பட எதற்கும் திருத்தம் இறங்கவில்லை. நடுவில் ஒரு எச்சரிக்கை வந்த ஞாபகம். வேலை அவசரத்தில் மூடியிருப்பேன். ஆட்டோமேட்டிக் அப்டேட் 'ஆன்' என்று செட்டிங்ஸில் கம்பீரமாக இருந்தது. அதை நம்பித்தான் இருந்தேன்.

இத்தனைக்கும் கர்னல் ஓட்டைகளை அடைக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் லினக்ஸில் தங்கினேன். 2022-இல் வந்த 'டர்ட்டி பைப்' என்ற கர்னல் ஓட்டை நினைவிருக்கிறதா? படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில், சாதாரண யூசரே தன் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியும். மேக்ஸ் கெல்லர்மேன் என்ற புரோகிராமர் அதைக் கண்டுபிடித்ததே, லாக் கோப்புகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று மாதக்கணக்கில் குடைந்துதான். பிப்ரவரி 20-இல் கர்னல் பாதுகாப்புக் குழுவுக்குச் சொன்னார். 23-ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற மூன்று கர்னல் பதிப்புகளும் திருத்தத்தோடு வெளியாகிவிட்டன. விவரம் ஊருக்குத் தெரிந்தது மார்ச் 7-இல். அப்போது 20.04-இல் 5.13 வைத்திருந்தேன், ஓட்டை உள்ள கர்னல்தான். அப்டேட் வந்தது, ரீஸ்டார்ட் செய்தேன், முடிந்தது. அந்த ரீஸ்டார்ட் முக்கியம். இறங்கிய கர்னல் டிஸ்க்கில் தூங்கும். மெமரியில் ஓடுவது பழையதுதான். ஓடும் கர்னலையே ரீஸ்டார்ட் இல்லாமல் திருத்தும் லைவ்பேட்ச் என்று ஒன்று உண்டு, சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். ஆனால் அது எல்லாத் திருத்தத்தையும் கொண்டுவராது, என்றைக்காவது ரீஸ்டார்ட் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை புதுக் கர்னலில் வைஃபை வரவே இல்லை. மெஷின் கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், இரண்டு நிமிடத்தில் வைஃபை வந்தது. அதனால்தான் பழையதை எடுத்து வைத்திருக்கிறார்கள். என் பூட் பார்ட்டிஷனை நிரப்பியதும் அதே பழையதுதான், என்ன சொல்ல.

சரி, ரிப்பேர். தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' உதவவில்லை, பாதியில் நிற்கும் பேக்கேஜைக் காட்டியே அடம்பிடித்தது. ஓடாத பழைய கர்னல் ஒன்றை டிபிகேஜி என்ற பேக்கேஜ் கருவி வழியாகக் கையால் நீக்கி, பாதியில் நின்றதை முடித்தேன். அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் செட்டிங்கில் 'மோஸ்ட்' என்று இருந்ததை 'டெப்' ஆக்கினேன். இந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும். கோப்பு நன்றாகச் சுருங்கியது. மொத்தம் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி ஆறிப்போனது.

உபுண்டு அப்டேட், ஐந்துக்கு நாலரை மார்க் போட வேண்டிய சமாச்சாரம்தான், தெரியும். இன்றைக்கு இரண்டுதான். அந்த நண்பனுக்கும் "இப்போதைக்கு அப்டேட் போடாதே, முதல்ல உன் பூட் பார்ட்டிஷன் எத்தனை எம்பின்னு பார்த்துச் சொல்லு" என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.